புறாமலைச் சுறாவும் நான் மிதித்த கல்லும்

புறாமலைக்குப் போன எல்லோரும் இங்கே சுறாவைக் கண்ட கதைதான் எழுதுகிறீர்கள். என்னுடையதும் அதுதான், சொல்லத்தான் கொஞ்சம் வெட்கம்.

திருகோணமலைப் பக்கம் இருக்கிற சின்னத் தீவு, நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். போட்டில் ஏறிச் சாய்ந்து உட்காருவதற்குள் வந்துவிடும். குடியிருப்பு இல்லை, கடை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சுடப் பழகிய இடமாம். 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது.

நாங்கள் போனபோது கடல் வற்றியிருந்தது. நம் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. ஆனால் முருகைக்கல்லுக்கு, அதாவது பவளப்பாறைக்கு, மேலே நீந்துகிறவனுக்கு ஒரு சாண் குறைந்தாலே வயிறு உரசும். தண்ணீருக்குள் கரக் கரக்கென்று சத்தம், கிளிமீன் கல்லைக் கொறிக்கிறது. அதைக் கேட்டபடியே மிதந்தவன் தலையைத் தூக்கினால், எதிரே சுறா! ஒரு மீற்றர் நீளம் இருக்கும். முதுகுச் செட்டை நுனியில் மை தொட்ட மாதிரிக் கறுப்பு.

ஆளைக் கண்டால் அதுவே விலகிவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? காலை ஊன்றி எழுந்து நின்றுவிட்டேன். காலடியில் அப்பளம் போல ஏதோ நொறுங்கியது.

"தம்பி, கல்லில ஏறாதீங்க! அது ஒண்டும் செய்யாது!" கரையிலிருந்து போட்காரர் கத்தினார்.

சுறா எப்போதோ போய்விட்டது. நான் மிதித்தது மான்கொம்பு போலக் கிளைவிடும் முருகை வகை. நன்றாக வளர்ந்தாலே ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் அளவுதான். உடைந்த துண்டு என் முழங்கை நீளம் இருந்தது.

*

அண்ணா, நீங்களாவது பயத்தில் ஏறினீர்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பமே வரிசையாகக் கல்மேல் நின்று செல்ஃபி எடுத்தது. சின்னப்பிள்ளை மட்டும் "கால் வலிக்குது" என்று அழுதுகொண்டிருந்தது. அங்கிருந்து தள்ளிப் போன பிறகுதான் ஆமையைக் கண்டேன். மூச்செடுக்க மேலே வந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டது.

*

சரி, புறாவை ஒருவரும் சொல்லவில்லையே! பாறை இடுக்கில் கூடு வைக்கும் மாடப்புறாதான், கோயில் கோபுரத்தில் இருக்கிற அதே இனம். காலையில் வெள்ளனப் போனால் பார்க்கலாம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் குழம்பிவிடும், அதற்கு முன்பே போங்கள். கரை முழுக்க உடைந்த முருகைத் துண்டுதான், செருப்பைக் கழற்ற வேண்டாம்.