லான்ஸ்லாட்டின் அந்த இரண்டு அடி

இரும்புக்கவசம்:
"லான்ஸ்லாட் கினிவியருக்காக ஒரு நொடிகூடத் தயங்கியதில்லை, வீரனின் மானம் என்றால் அதுதான்" என்று, ஆர்தர் அரசனின் வீரன் லான்ஸ்லாட்டையும் அவன் காதலித்த ராணி கினிவியரையும் பற்றிப் பக்கத்து இழையில் ஒருவர் எழுதி, நாற்பது விருப்பக்குறிகளையும் வாங்கிவிட்டார். கதையைப் படித்தவர்கள் யாரும் அங்கே இல்லையா? 12ஆம் நூற்றாண்டில் கிரெத்தியான் பிரெஞ்சில் எழுதிய 'வண்டி வீரன்' கதைக்கு உயிரே அவன் தயங்கியதுதான். ராணியை மெலியகாண்ட் என்கிற வேற்று நாட்டு இளவரசன் கடத்திக்கொண்டுபோய்விட்டான். தேடிப் போன லான்ஸ்லாட்டின் குதிரை வழியிலேயே செத்துவிட்டது. ஒரு குள்ளன் வண்டியோடு வருகிறான், ஏறினால் ராணியைப் பற்றித் தெரியும் என்கிறான். குற்றவாளிகளை ஊரார் பார்க்கும்படி ஏற்றிப்போகும் வண்டி அது. ஏறினால் மானம் போச்சு. இவன் இரண்டு அடி தயங்கிவிட்டுத்தான் ஏறுகிறான். இரண்டு அடி!

வாள்முனை:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். இரண்டு அடியெல்லாம் ஒரு தயக்கமா? ஓடுகிற பஸ்ஸில் ஏறவே நாம் பத்து அடி ஓடுகிறோம். கூட வந்த இன்னொரு ஆர்தர் வீரன் காவெயின், குதிரையை விட்டு வண்டியில் ஏறுவது பைத்தியக்காரத்தனம் என்று ஏறவே இல்லை. அவனைப் போய்க் கேளுங்கள்.

இரும்புக்கவசம்:
காவெயினை எதற்குக் கேட்க வேண்டும்? ராணியையே கேட்போம். கூரிய வாளே பாலமாகக் கிடந்த வாள் பாலத்தை வெறுங்கையோடும் வெறுங்காலோடும் ரத்தம் வழியக் கடந்து, மெலியகாண்ட்டோடு மோதிவிட்டு வந்து நிற்கிறான். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்டியில் ஏறிய கேவலத்துக்காக என்று இவன் நினைத்துக்கொள்கிறான். ஏறத் தயங்கியதற்காக என்று பின்னால் அவளே சொல்கிறாள். எத்தனை அடி? இரண்டு.

வாள்முனை:
ராணி சொன்னால் வேதமா? போர்ப்போட்டியில் "மோசமாகச் சண்டை போடு" என்று அதே ராணி சொல்லி அனுப்பியதும், கோழை என்று ஊரே சிரிக்கும்படி போட்டானே. அங்கே எத்தனை அடி தயங்கினான்?

இரும்புக்கவசம்:
அது பட்ட பிறகு வந்த புத்தி. முதல் தடவை இரண்டு அடி.

தேநீர்நேரம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1485இல் அச்சான மாலரியின் ஆங்கில ஆர்தர் கதையிலும் இந்த வண்டி வருகிறது, ஆனால் இந்தத் தயக்கமே கிடையாது. குதிரையை அம்புகள் வீழ்த்திவிடுகின்றன, கவசப் பாரத்தோடு நடக்க முடியவில்லை. ஏற்ற மறுத்த வண்டிக்காரனை இவன் கையுறையால் ஒரு போடு போடுகிறான், ஆள் காலி. ஆக, அங்கே இரண்டு அடி இல்லை, ஒரே அடிதான்.

இரும்புக்கவசம்:
சிலேடைக்குக் கைதட்டல். ஆனால் மாலரி முந்நூறு வருடம் கழித்து வந்தவர். அவரை இங்கே இழுக்காதீர்கள்.

தேநீர்நேரம்:
கருணை கேட்டவனைக் கொல்ல மாட்டோம், பெண்களுக்குத் துணை நிற்போம் என்று ஆர்தரின் வட்டமேசை வீரர்கள் வருடாவருடம் பெந்தகோஸ்து திருநாளில் சத்தியம் செய்ததாக எழுதியவரும் அதே மாலரிதான். மானம், மானம் என்கிறீர்களே, செத்த வண்டிக்காரனை யார் கணக்கில் எழுதுவது?

வாள்முனை:
மாலரி தன்னைக் கைதி என்று நூலிலேயே எழுதிக்கொண்டவர். சிறையில் இருந்து மானத்துக்கு இலக்கணம் சொல்ல வந்துவிட்டார்!

தேநீர்நேரம்:
நான் கேட்டது வண்டிக்காரனைப் பற்றி.

இரும்புக்கவசம்:
வண்டிக்காரனுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். வாள்முனை அவர்களே, போன மாதம் பச்சை வீரன் கதையிலும் இப்படித்தான் வழுக்கினீர்கள். கட்டியிருந்தால் உயிர் போகாது என்று கிடைத்த பச்சைக் கச்சையை உயிருக்குப் பயந்து ஒளித்த காவெயினை "சின்னத் தவறு" என்று விட்டுவிட்டீர்கள். அவனே அதை அவமானச் சின்னமாகக் கட்டிக்கொண்டு அலைந்தான்.

வாள்முனை:
அரசவையே சிரித்துவிட்டுத் தானும் ஆளுக்கொரு பச்சைப் பட்டை கட்டிக்கொண்டதே, அதை ஏன் விழுங்குகிறீர்கள்? உங்களுக்கு யார் தடுக்கினாலும் அடி எண்ணுவதுதான் வேலை.

இரும்புக்கவசம்:
எண்ணத் தெரிந்தவன் எண்ணுகிறான். ராணி திட்டும் வரிகளை இன்று இரவு மொழிபெயர்த்துப் போடுகிறேன். தூங்கிவிடாதீர்கள்.

வாள்முனை:
போன மாதமும் இதையேதான் சொன்னீர்கள்.