பிரித்தானியாவில் அடிப்படை ஆண்டு: கற்றவர்களின் ஆலோசனை தேவை

அன்புடையீர், களுவாஞ்சிகுடியில் கலைப்பிரிவில் உயர்தரம் சித்தியடைந்த என் தங்கை, இங்கிலாந்தில் சமூகவியல் பட்டம் பயில விரும்புகிறாள். நமது உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டே முதலாம் ஆண்டில் நேரடியாகச் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் அங்கு பல இருந்தும், முகவர் ஒருவர் அடிப்படை ஆண்டு (Foundation Year, பட்டப்படிப்புக்கு முன் பயிலும் ஆயத்த ஆண்டு) கட்டாயம் என்கிறார். மேலதிகமாக ஓராண்டுக் கட்டணம் எங்களுக்குப் பெருஞ்சுமை. ஆயினும் 13 ஆண்டுகள் தமிழ்மொழி மூலம் கற்றவளை, ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதவும், மேற்கோள்களை முறையாகக் காட்டவும், வகுப்பில் தயக்கமின்றி வாதிடவும் அந்த ஆண்டு பழக்கிவிடுமெனில், அது வீண்செலவன்று என்றே நான் கருதுகிறேன். பட்டப்படிப்பு விசாவுக்கு ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் பி2 அளவு ஆங்கிலமும், பட்டத்துக்குக் கீழ்ப்பட்ட கற்கைக்கு அதைவிட ஒரு படி குறைந்த பி1 அளவும் வேண்டும் என்பதை அறிவோம். மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து சென்று கற்றவர்கள், பட்டத்துடன் இணைந்த அடிப்படை ஆண்டு நல்லதா, தனிக் கல்லூரியில் பயின்று பின்னர் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்வது நல்லதா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.