மாயூரம் முன்னால் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

கூறைநாட்டான்:
நம் இணையக் கலைக்களஞ்சியத்தில், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவல் எழுதியவரைப் பற்றிய ‘மாயூரம் வேதநாயகம் பிள்ளை’ கட்டுரையை ‘ச. வேதநாயகம் பிள்ளை’ என்ற தலைப்புக்கு நகர்த்தச் சொல்லி நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். காரணம், அவர் மாயூரத்தில் பிறக்கவில்லையாம். அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! 1826இல் திருச்சி பக்கத்துக் குளத்தூரில் பிறந்தார் என்பது எங்களுக்கும் தெரியும். மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தார். ஊர் உலகம் எப்படிச் சொல்கிறதோ அதுதான் தலைப்பு. மற்ற பெயரில் தேடுகிறவர்களை இங்கே கொண்டுவந்து விட வழிமாற்று இருக்கிறது.

மலைக்கோட்டை:
அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நண்பர், மாயூரத்திலேயே இருந்தவர். அவர் இவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துப் பாடிய கோவை நூலின் பெயர் குளத்தூர்க் கோவை. மாயூரக் கோவை இல்லை. போதுமா?

கூறைநாட்டான்:
கோவைக்கு வைத்த பெயர் கோவைக்கு. புத்தகக் கடையில் போய் ‘குளத்தூர் வேதநாயகம் பிள்ளை’ என்று கேட்டுப் பாருங்கள், குளத்தூருக்கு பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வார்கள்.

வெற்றிலைக்கொடி:
கும்பகோணத்திலிருந்து ஒரு வார்த்தை. ராமானுஜன் ஈரோட்டில் பிறந்து எங்கள் ஊரில் வளர்ந்தவர். ‘கும்பகோணம் ராமானுஜன்’ வேண்டும் என்று நாங்கள் அடம் பிடித்தோமா?

புள்ளிக்காரர்:
‘இராமானுசன்’ என்று எழுதவும். ‘ஜ’ மாதிரி கிரந்த எழுத்து வேண்டாம்.

வெற்றிலைக்கொடி:
1918இல் ராயல் சொசைட்டியில் சேர்த்தபோது ‘சு’வா போட்டார்கள்?

புள்ளிக்காரர்:
அவர்கள் தமிழிலா எழுதினார்கள்?

கூறைநாட்டான்:
அவரை விடுங்கள், மாயூரத்துக்கு வாருங்கள். தஞ்சாவூரில் இன்னொரு வேதநாயகம் இருந்தார், சாஸ்திரியார், 1774 முதல் 1864 வரை. தஞ்சை மன்னர் சரபோஜியோடு சேர்ந்து படித்தவர். இவரும் கிறிஸ்தவர், அவரும் கிறிஸ்தவர். இவரும் பாட்டு எழுதினார், அவரும் எழுதினார். படிக்கிற பிள்ளைகள் குழம்பாமல் இருக்கத்தான் முன்னால் மாயூரம்.

மலைக்கோட்டை:
ஒருவர் பிள்ளை, ஒருவர் சாஸ்திரியார். இதில் என்ன குழப்பம்? ‘ச.’ என்பது சவரிமுத்து. அப்பாவைத் தூக்கிவிட்டு வேலை பார்த்த ஊரை வைப்பது எந்த ஊர் நியாயம்? மாயூரத்து நியாயமா?

புள்ளிக்காரர்:
ஊரே 1982இல் மயிலாடுதுறை ஆகிவிட்டது. சம்பந்தர் தேவாரத்திலும் மயிலாடுதுறைதான். அப்படி மாற்றிவிட்டால் சண்டை முடிந்தது. ‘பிள்ளை’யையும் எடுத்துவிடலாம்.

கூறைநாட்டான்:
அவர் இறந்தது 1889இல். 93 வருஷம் கழித்து வந்த பெயரை அவர் தலையில் கட்டுவீர்கள், பிள்ளையையும் பிடுங்குவீர்கள். மிச்சம் என்ன இருக்கும்?

வெற்றிலைக்கொடி:
ஐயா, உங்கள் ஊரில் யார் மாயூரம் என்கிறார்கள்? பஸ்ஸில் ஏறினால் ‘மாயவரம் ஒண்ணு’ என்றுதான் டிக்கெட் கேட்பீர்கள்.

கூறைநாட்டான்:
டிக்கெட் வேறு, தலைப்பு வேறு. கும்பகோணத்துக்காரர் எங்கள் ஊர்ப் பெயருக்குப் பஞ்சாயத்து பண்ண வேண்டாம். மலைக்கோட்டையாரே, ஒரே கேள்வி. உ. வே. சா. பிறந்தது சூரியமூலை, அம்மா வழித் தாத்தா வீடு. முன்னால் நிற்கும் ‘உ’ எது? உத்தமதானபுரம். பிறந்த ஊர்தான் கணக்கென்றால் அதையும் ‘சூ. வே. சா.’ என்று நகர்த்துங்கள், பார்க்கலாம்.

மலைக்கோட்டை:
உத்தமதானபுரம் குடும்பத்து ஊர். மாயூரம் உத்தியோக ஊர். இரண்டும் ஒன்றா? குளத்தூர்க் கோவைக்கு இன்னும் பதில் வரவில்லை.

கூறைநாட்டான்:
பதில் சொல்லியாகிவிட்டது, மேலே ஏறிப் படியுங்கள். போன வருஷம் என் கட்டுரையைக் குறுங்கட்டுரை என்று முத்திரை குத்தினீர்களே, அந்தக் கோபம்தானே இது?

மலைக்கோட்டை:
நாலு வரி எழுதினால் குறுங்கட்டுரைதான். அதற்குப் பெருங்காப்பியம் என்றா போட முடியும்? கோவைக்கு வாருங்கள்.

கூறைநாட்டான்:
நாலு வரி இல்லை, பதினோரு வரி. எண்ணத் தெரியாதவர் ஊர்ப் பெயரைத் திருத்த வந்துவிட்டார். சூ. வே. சா.வுக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

புள்ளிக்காரர்:
புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது? சூ.வே.சா.