சடத்துவ வாயு இல்லாத ஆய்வுகூடத்தில் எந்த ஊக்கித் தாக்கத்தைத் தெரிவு செய்யலாம்?

கேள்வி: மாணவி, வந்தாறுமூலை

வணக்கம். சேதன இரசாயனத்தில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறேன். 2010 இல் நோபல் பரிசு பெற்ற சுசுக்கியின், பலேடியத்தை ஊக்கியாகக் கொண்டு இரு காபன் கூட்டங்களை இணைக்கும் தாக்கமா, 2021 இல் லிஸ்ற்றுக்கும் மக்மிலனுக்கும் அப்பரிசைப் பெற்றுத்தந்த, உலோகமில்லாத சேதன ஊக்கிகளா என்று முடிவெடுக்க முடியவில்லை. தாக்கத்தை வளியிலிருந்து காக்கும் சடத்துவ வாயு உருளை நினைத்தபோது கிடைப்பதில்லை; மாரியில் எதையும் உலர்வாக வைத்திருப்பதும் பெரும்பாடு. இந்நிலையில் எது சாத்தியம்?

பதில்: இரசாயனவியல் ஆசிரியர், கல்முனை

தங்கை, சேதன ஊக்கிகளில் ஒன்றான புரோலின் என்ற அமினோ அமிலத்தையே எடுங்கள். 2000 இல் லிஸ்ற், லேணர், பார்பாஸ் ஆகியோர் அசற்றோனையும் 4-நைத்திரோபென்சல்டிகைட்டையும் டைமெதில் சல்பொட்சைட்டில் இட்டு, 30 மூல் சதவீத எல்-புரோலினைச் சேர்த்து, அறை வெப்பநிலையிலேயே 68% விளைச்சலைப் பெற்றார்கள். ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரு வடிவங்களும் அதில் 88:12 என்ற விகிதத்தில் இருந்தன. உயர்தரத்தில் சோடியம் ஐதரொட்சைட்டுடன் படித்த அதே அல்டோல் தாக்கம்தான், ஆனால் அங்கே இரு வடிவங்களும் சரிசமமாகவே உருவாகும். புரோலினின் அமைன் கூட்டம் அசற்றோனுடன் சேர்ந்து ஈனமைன் என்ற இடைநிலைச் சேர்வையாக மாற, அதே மூலக்கூறிலுள்ள காபொட்சிலிக் அமிலக் கூட்டம் அல்டிகைட்டின் ஒட்சிசனை ஐதரசன் பிணைப்பால் பற்றிக்கொள்வதால், புதிய காபன்–காபன் பிணைப்பு பெரும்பாலும் ஒரே பக்கத்தால் உண்டாகிறது. ஒரு சிறிய அமினோ அமிலம் நொதியத்தைப் போல நடந்துகொள்வது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. சிறிதளவு ஈரம் இதைக் கெடுக்காது.

பதில்: பட்டதாரி, காத்தான்குடி

சுசுக்கியை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். அரைல் அயடைட்டையும் போரோனிக் அமிலத்தையும் எதனோல்–நீர்க் கலவையில் பொற்றாசியம் காபனேற்றுடன், காபனில் படிந்த பலேடியத்தைக் கொண்டு திறந்த வளியிலேயே இணைக்கலாம். ஊக்கியை வடித்தெடுக்கலாம். பலேடியத்தின் விலைதான் தடை.

பதில்: ஆய்வு மாணவர், சம்மாந்துறை

ஆசிரியர் சொன்னதே என் கருத்தும். ஆயினும் புரோலின் தாக்கத்தைச் செய்வது இலகு, வடிவங்களின் விகிதத்தை அளப்பதுதான் கடினம். இரண்டையும் பிரிக்கும் விசேட நிரல் பொருத்திய எச்பிஎல்சி (உயர் செயற்றிறன் திரவ நிறப்பகுப்பியல்) கருவி தேவை. அதை எங்கே பயன்படுத்த முடியும் என்பதைத் தலைப்பை உறுதி செய்ய முன்னரே உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள். முனைவாக்கப்பட்ட ஒளியின் தளம் எவ்வளவு சுழல்கிறது என்பதை அளக்கும் முனைவுமானியை மட்டும் நம்பினால், நீரகற்றப்பட்ட பக்க விளைவு சிறிது கலந்திருந்தாலும் சுழற்சி குறைவாகக் காட்டும் என்பதால், முதலில் சிலிக்கா நிரலில் சுத்திகரித்தே ஆக வேண்டும். புரோலினின் இரு ஆடி விம்ப வடிவங்களும் சமமாகக் கலந்த டிஎல்-புரோலினைக் கொண்டும் அதே தாக்கத்தை ஒருமுறை செய்து வையுங்கள்: இரு வடிவங்களும் சமமாக உள்ள அந்த மாதிரி இருந்தால்தான் எச்பிஎல்சி வரைபில் எந்த உச்சி எதனுடையது என்று ஒப்பிட முடியும்.