யாபேஸ்னா 'ஆசீர்வாதம்'னு யாருய்யா சொன்னது?

தாமிரபரணித்தண்ணி:
சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஞானஸ்நான கார்டு வந்துச்சு. பையன் பேரு யாபேஸ். கீழ தங்கக் கலர்ல 'எபிரேய மொழியில் ஆசீர்வாதம் என்று பொருள்'னு அடிச்சிருக்கு. அதுக்கு வரிசையா ஆமென் வேற. ஏங்க, வேதாகமத்தத் திறந்து பாக்கவே மாட்டீங்களா? 1 நாளாகமம் 4:9ல அவன் அம்மாவே 'நான் துக்கத்தோடே அவனைப் பெற்றேன்'னு சொல்லித்தான் பேரு வைக்கிறா. துக்கம்! ஆசீர்வாதம் அடுத்த வசனத்துல அவனா கேட்டு வாங்கினது. பேரையும் ஜெபத்தையும் போட்டுக் குழப்பி கார்டு அடிக்கிறாங்க.

ஜாபேஸ்அப்பா:
என் மவன் பேரும் அதான் பிரதர். பாஸ்டர் ஜெபிச்சுக் குடுத்த பேரு. 'என் எல்லையைப் பெரிதாக்கி'ன்னு அவன் கேட்டான், தேவன் அருளினார்னு இருக்குல்ல, அப்ப ஆசீர்வாதம் தானே. ஒரு பச்சப்புள்ள பேர்ல வந்து துக்கம் துக்கம்னு எழுதுறீங்களே நல்லாவா இருக்கு?

ஒலிவமரம்:
ரெண்டு பேருமே தப்பு. ஆசீர்வாதமும் இல்ல, துக்கமும் இல்ல. எபிரேயத்துல வலி, துக்கம்ங்கிற சொல்லு ஓத்சேவ். அதுல இருக்கிற மூணு எபிரேய எழுத்து ஆயின், த்சாதே, பேத். பையன் பேரு யஅபேத்ஸ். எழுத்து யோத், ஆயின், பேத், த்சாதே. கடைசி ரெண்டும் இடம் மாறிக் கெடக்கு பாத்தீங்களா? அம்மா வலியச் சொல்ற மாதிரி சொல்லி எழுத்தப் புரட்டிப் போட்டு வச்ச பேரு. அந்த எழுத்து வரிசையில ஒரு வினைச்சொல்லே பழைய ஏற்பாட்டுல கிடையாது. அதனால 'யாபேஸ் = துக்கம்'னு எழுதுற பேரு வெப்சைட்டெல்லாம் குப்பை. நான் எபிரேயம் முறையா படிச்சவன்.

தாமிரபரணித்தண்ணி:
வந்துட்டாரு வாத்தியாரு. அண்ணே, வசனம் துக்கம்னு சொல்லுதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.

ஒலிவமரம்:
வசனம் காரணத்தச் சொல்லுது, அர்த்தத்தச் சொல்லல. எழுத்து மாறியிருக்கு.

குமரிக்காத்து:
ஒரு சந்தேகம். நான் பாத்த சைட்ல யாபேஸ்னா 'உலர்ந்தது'ன்னு போட்டிருந்துச்சே?

ஒலிவமரம்:
அது யாவேஷ், வேற பேரு. யோத், பேத், ஷின். நம்ம தமிழ் வேதாகமத்துல ரெண்டையும் 'யாபேஸ்'னே எழுதிட்டதால வந்த வினை. கீலேயாத்துல இருக்கிற யாபேஸ்னு ஒரு ஊரு வருமே, அம்மோனியனாகிய நாகாஸ் உங்க வலது கண்ணப் பிடுங்குவேன்னு மிரட்டின ஊரு, அது யாவேஷ். சமாரியாவுல ஒரே மாசம் ராஜாவா இருந்த சல்லூமோட அப்பன் யாபேஸ், அதுவும் யாவேஷ். அதுக்குத்தான் உலர்ந்ததுன்னு அர்த்தம். நம்ம யாபேஸ் வேற. ஆயின் இருக்கு, த்சாதே இருக்கு, இடம் மாறி இருக்கு.

ஜாபேஸ்அப்பா:
மொதல்ல துக்கம், இப்ப கருவாடு. இன்னும் என்னென்ன சொல்லுவீங்க? எங்க சர்ச்சுல மட்டும் நாலு ஜாபேஸ் இருக்கான். அர்த்தம் கெட்டதா இருந்தா இத்தன பேரு வைப்பாங்களா? இஸ்ரேல்ல இது ரொம்ப ஃபேமஸ் பேருன்னு பாஸ்டர் சொன்னாரு. அங்க பெரிய ரபி ஒருத்தருக்கே இந்தப் பேருதான்.

தாமிரபரணித்தண்ணி:
இஸ்ரேல்ல ஃபேமஸா 😂 அங்க தாவீத், ஏரியேல், நோவாம்னு வைக்கிறான். யஅபேத்ஸ் குடும்பப் பேரா இருக்கும், பையனுக்குப் பேரா வச்சுக் கூப்பிடுறது அபூர்வம். உங்க பாஸ்டர் டூர் போய்ட்டு வந்து சொல்றதெல்லாம் அப்படியே நம்புவீங்களா? எங்க சர்ச் ஐயர் இந்த மாதிரி கதை விடவே மாட்டாரு.

ஜாபேஸ்அப்பா:
ஓ சிஎஸ்ஐயா நீங்க. இப்ப புரியுது 👍

தாமிரபரணித்தண்ணி:
என்ன புரியுது? சொல்லுங்க கேப்போம்.

ஒலிவமரம்:
சபைச் சண்டைய அப்புறம் போடுங்க. அந்த ரபி யாக்கோபு எம்டன், 1697ல, இப்ப ஜெர்மனியில இருக்கிற அல்டோனாவுல பொறந்தவரு. யாகோவ் பென் த்ஸ்வி, அதாவது த்ஸ்வியோட மகன் யாகோவ்ங்கிறதோட சுருக்கம்தான் யஅபேத்ஸ்னு ஆச்சு. அம்மா அப்பா வச்ச பேரு யாகோவ். இதையெல்லாம் பாஸ்டர் சொல்லிருக்க மாட்டாரே. பழைய ரபிமாரோட நூலான தால்முத்ல இன்னொரு விளக்கமும் இருக்கு, நியாயாதிபதி ஒத்னியேலுக்குத்தான் யாபேஸ்னு இன்னொரு பேரு, ஆலோசனை சொல்லி தோராவ, அதாவது வேத போதனையப் பரப்பினவன்ங்கிறதால வந்ததுன்னு. அதாவது பழைய ரபிமாரே துக்கம்கிறதோட நிக்கல.

சாரோன்ரோஜா:
நான் கேக்கிறது ஒன்னுதான். ராகேல் சாகுறப்ப புள்ளைக்கு பெனொனின்னு வச்சா, என் துக்கத்தின் மகன்னு. அவ புருஷன் யாக்கோபு உடனே பென்யமீன்னு மாத்திட்டாரு. இக்கபோத்னு ஒரு பேரு, மகிமை போயிற்றுன்னு. பெனொனியும் இக்கபோத்தும் எந்த வீட்டுலயும் கேட்டதில்ல. யாபேஸ் மட்டும் எப்படி தெருவுக்குத் தெரு வந்துச்சு? எங்கம்மா காலத்துல இந்தப் பேரே கேட்டதில்ல. 2000ல அமெரிக்காவுல அந்த ஜெபத்த வச்சு ஒரு சின்ன புக் வந்து சக்கப்போடு போட்டுச்சு, அதுக்கப்புறம் இங்க காலண்டர், கார் ஸ்டிக்கர், எல்லாத்துலயும் யாபேஸ் ஜெபம். பேரு ஜெபத்தால வந்தது, அர்த்தத்தப் பாத்து யாரும் வைக்கல. அவ்ளோதான்.

ஒலிவமரம்:
சிஸ்டர் நீங்க பேஷனப் பத்திப் பேசுறீங்க, நான் எழுத்தப் பத்திப் பேசுறேன்.

பருத்தித்துறையான்:
அமெரிக்கப் புத்தகத்துக்கு முந்தியே இந்தப் பேர் இருக்கு பாருங்கோ. இங்கிலாந்தில ஜேபெஸ் பண்டிங் எண்டு மெதடிஸ்ட் தலைவர் ஒருத்தர், 1779ல பிறந்தவர், நாலு தரம் மாநாட்டுத் தலைவரா இருந்தவர், மிசன் வேலையளையும் அவர்தான் கனகாலம் நடத்தினவர். எங்கட இலங்கைக்கு மெதடிஸ்ட் மிசன் வந்தது 1814ல. இதெல்லாம் தெரியாம எல்லாத்தையும் ஒரு அமெரிக்கப் புத்தகத்தில கட்டுறியள்.

தாமிரபரணித்தண்ணி:
பண்டிங்க சொன்னீங்க, ஜேபெஸ் பால்ஃபர விட்டுட்டீங்களே. எம்.பி.யா இருந்துக்கிட்டு லிபரேட்டர்னு வீட்டுக் கடன் சங்கம் நடத்தி, 1892ல அது கவுந்து, சின்னச் சின்ன சேமிப்புக்காரங்கள்லாம் நடுத்தெருவுக்கு வந்தாங்க. ஆளு அர்ஜென்டினாவுக்கு ஓட்டம். புடிச்சுட்டு வந்து 1895ல 14 வருஷம் உள்ள போட்டாங்க. ஜேபெஸ் வுல்ஃப்னு ஒருத்தரு 22 தடவ இங்கிலீஷ் கால்வாய நீந்திக் கடக்கப் பாத்து ஒரு தடவையும் கரை சேரல. நல்லாத்தான் எல்லையப் பெரிசாக்கினாங்க 😂

ஜாபேஸ்அப்பா:
ஒருத்தன் திருடன்னா பேரு தப்பா? யூதாஸ்னு எத்தன பேரு பைபிள்ல நல்லவன் இருக்கான் தெரியுமா? வேணும்னே என் மவன நோண்டுறீங்க. போன தடவ ஈசாக்கா ஐசக்கான்னு நடந்த சண்டையிலயும் நீங்கதான் ஆரம்பிச்சீங்க, ஞாபகம் இருக்கு.

தாமிரபரணித்தண்ணி:
உங்க மவனப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்லல. கார்டப் பத்தி சொன்னேன். துக்கம்னு வசனம் சொல்லுது.

ஒலிவமரம்:
திரும்பவும் துக்கமா! பத்தாம் வசனத்த ஒழுங்காப் படிங்க. 'தீங்கு என்னைத் துக்கப்படுத்தாதபடிக்கு'ன்னு அவன் வேண்டிக்கிறான்ல, அங்க எபிரேயத்துல வர்றது ஆயின், த்சாதே, பேத், சரியான வரிசை. ஆதியாகமம் 3:16ல 'வேதனையோடே பிள்ளை பெறுவாய்'னு ஏவாளுக்குச் சொன்னதும் அதே வேர். பேர்ல மட்டும்தான் எழுத்து மாறியிருக்கு. அந்த வலி தன் மேல ஒட்டக் கூடாதுன்னுதான் அவனே ஜெபிக்கிறான். எவ்வளவு அழகான எழுத்து அது, ரெண்டே ரெண்டு வசனம், அப்பன் பேரு கூட இல்ல, சுத்தி முழுக்க யூதாவோட வம்ச அட்டவணை, நடுவுல இவன் மட்டும் வாயத் திறந்து பேசுறான். அதப் படிக்காம துக்கமா ஆசீர்வாதமான்னு அடிச்சுக்கிறீங்க.

தாமிரபரணித்தண்ணி:
அப்ப துக்கம்தான் வேர்னு நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி.

ஒலிவமரம்:
நான் அப்படிச் சொல்லவே இல்ல! எழுத்து மாறியிருக்குன்னு சொன்னேன்.

அந்தோணிராஜ்பேட்டை:
நாளாகமம் இல்லைங்க, குறிப்பேடு. 1 குறிப்பேடு 4:9.

தாமிரபரணித்தண்ணி:
உங்க கத்தோலிக்க பைபிள்ல குறிப்பேடு, எங்க பைபிள்ல நாளாகமம். இதுக்குன்னே ஒருத்தர் வருவாரு.

அந்தோணிராஜ்பேட்டை:
தமிழ்ல நல்ல சொல் இருக்குன்னு சொன்னா உங்களுக்கு எரியுது. நாளும் ஆகமமும் வடமொழி.

பருத்தித்துறையான்:
அண்ணை, நாள் தமிழ்ச்சொல்லுத்தான்.

அந்தோணிராஜ்பேட்டை:
ஆகமம்?

குமரிக்காத்து:
ஜாபேஸ்னு எழுதணுமா யாபேஸ்னு எழுதணுமா? ஆதார்ல ஒன்னு, ஞானஸ்நான சர்டிபிகேட்ல ஒன்னு இருந்தா பாஸ்போர்ட்டுக்குப் பிரச்சனை வருமா?

ஒலிவமரம்:
யாபேஸ். எபிரேயத்துல ஜகரமே கிடையாது, யோத் தான். ஜ இங்கிலீஷ் வழியா வந்தது.

ஜாபேஸ்அப்பா:
என் புள்ளைக்கு ஜ தான். ஸ்கூல்ல, ரேஷன் கார்டுல எல்லாத்துலயும் ஜ. அப்ப இயேசுவ ஜீசஸ்னு சொல்றவங்க எல்லாரும் தப்பா? உங்களுக்கு எபிரேயம் தெரிஞ்சா வச்சுக்கோங்க, மத்தவன் வீட்டுப் புள்ளைக்குப் பேரு திருத்த வராதீங்க.

சாரோன்ரோஜா:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல. பெனொனி ஏன் இல்ல?

ஒலிவமரம்:
பெனொனியில 'ஓனி'ங்கிறதுக்கு துக்கம்னும் அர்த்தம் வரும், பலம்னும் அர்த்தம் வரும். அதுக்கு எழுத்து வரிசைய விளக்கணும். மொதல்ல தாமிரபரணி சார் நான் சொல்லாதத சொன்னேன்னு போட்டத எடுக்கட்டும், அப்புறம் எழுதுறேன்.

தாமிரபரணித்தண்ணி:
எடுக்க முடியாது. 4:9, துக்கத்தோடே. கண்ணாடி போட்டுட்டுப் படிங்க.

ஒலிவமரம்:
ஆயின், பேத், த்சாதே. கடைசி தடவையா சொல்றேன்.

ஜாபேஸ்அப்பா:
கடைசி தடவைன்னு ஈசாக்கு சண்டையிலயும் சொன்னீங்க 🙏