பிராந்திய கவுன்சில் 11ஆ, 16ஆ? மூணாறு மலைக்கு யார் பொறுப்பு?

லயத்து மகன்:
பாலக்காட்டு வாத்தியார் நேற்று இன்னொரு இழையில் எழுதியதை அப்படியே தருகிறேன்: “நியூசிலாந்தில் 16 பிராந்திய கவுன்சில்கள் இருக்கின்றன. ஆற்றின் நீர்ப்பிடிப்பு எதுவோ அதுவே கவுன்சிலின் எல்லை. அங்கே மலை நிற்கிறது. நாம் பஞ்சாயத்தை நம்பினோம், பெட்டிமுடி சரிந்தது.” 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவில் மண்ணுக்குள் போன 70 பேரில் என்னோடு பள்ளிக்கு நடந்தவர்கள் உண்டு. அந்த ஊரின் பெயரைச் சொல்வதற்கு முன் கணக்கையாவது சரிபார்த்திருக்க வேண்டும். அங்கே இருப்பவை 16 இல்லை, 11 பிராந்திய கவுன்சில்கள். மீதி 5 இடங்களில் நகர அல்லது மாவட்ட மன்றமே பிராந்திய வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது.

பாலக்காட்டு வாத்தியார்:
தம்பி, 34 ஆண்டுகள் புவியியல் நடத்தியவன் நான். பிராந்தியங்கள் 16. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான மன்றம் ஒன்று இருக்கிறது. ஆகவே 16. பெயர்ப்பலகையா முக்கியம்? 1941லேயே மண் காப்புக்கும் ஆற்றுக் கட்டுப்பாட்டுக்கும் சட்டம் போட்டு, நீர்ப்பிடிப்பு வாரியங்கள் அமைத்த நாடு அது. 1989இல் அந்தப் பொறுப்பைப் பிராந்திய கவுன்சில்களுக்கு மாற்றினார்கள். 1991இல் வள மேலாண்மைச் சட்டம் வந்தது. ஆற்றில் தண்ணீர் எடுக்க வேண்டுமா, கழிவு விட வேண்டுமா, அவர்களிடம்தான் அனுமதி. வெள்ளக் கரையும் மண் அரிப்பும் அவர்கள் பொறுப்பு. நம் மூணாற்றில் ஓடைக்கு ஒரு துறை, சாலைக்கு ஒரு துறை, காட்டுக்கு ஒரு துறை, தேயிலைக்கு ஒரு முதலாளி. வார்டு உறுப்பினர் தன் ஓட்டைத் தாண்டி ஒரு நாளாவது மலையைப் பார்த்திருக்கிறாரா?

லயத்து மகன்:
கேட்டதற்குப் பதில் இல்லை. 11ஆ, 16ஆ? நீங்கள் சேர்த்துக்கொண்ட அந்த ஐந்தில் ஒன்று கிஸ்போர்ன். 1988இல் போலா புயல் மலையைக் கரைத்த பிறகு, மண்ணைப் பிடித்து வைக்கட்டும் என்று அங்கே ஏராளமாகப் பைன் நட்டார்கள். மரம் முற்றியதும் வெட்டினார்கள். கழிவுக் கட்டைகளைச் சரிவிலேயே போட்டார்கள். 2018 ஜூன் மழையில் அந்தக் கட்டைகள் தொலாகா விரிகுடாவில் வந்து குவிந்தன. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலின்போது மறுபடியும் அதே கதை. “அங்கே மலை நிற்கிறது” என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்? மூணாற்றுப் பக்கத்து வட்டவடையில் கிராண்டிஸ் என்ற தைல மரம் ஊற்றைக் குடிப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பைன் கதை புதிதில்லை.

கம்பத்து விவசாயி:
கவுன்சில் கணக்கு கிடக்கட்டும். நீர்ப்பிடிப்புதான் எல்லை என்றால் முல்லைப் பெரியாற்றின் நீர்ப்பிடிப்பு யாருடைய கவுன்சிலில் வரும்? 1895இலிருந்து அந்தத் தண்ணீரில்தான் எங்கள் பள்ளத்தாக்கு விளைகிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு மழைக்காலமும் எங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. 1956இல் தேவிகுளம், பீருமேட்டை இழந்தோம். வாத்தியார் ஐயா அமைக்கும் கவுன்சிலிலும் எங்களுக்கு நாற்காலி இருக்காது.

பாலக்காட்டு வாத்தியார்:
அணையைப் பற்றி இங்கே யார் பேசியது? எந்த இழையைத் திறந்தாலும் அணையைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறீர்கள்.

கம்பத்து விவசாயி:
நீர்ப்பிடிப்பு என்ற சொல்லை முதலில் எடுத்தவர் நீங்கள். உங்கள் ஊருக்குத் தண்ணீர் வருகிறது, பேசலாம். எங்களுக்கு அது சோறு.

பாம்பாற்றுக் கரை:
அண்ணன்மார் பெரியாற்றை விட்டு நகர மாட்டீர்கள். இடுக்கியில் எல்லா ஆறும் மேற்கே போகவில்லை. எங்கள் பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்கிறது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டிஎம்சியில் 3 டிஎம்சி பாம்பாற்றுப் படுகையில் உள்ளது. ஒரே மாவட்டம், ஆனால் படுகை வேறு, மழையும் வேறு. நாங்கள் மழை மறைவில் இருக்கிறோம். மூணாற்றுக்குப் போடும் திட்டம் எங்களுக்குப் பொருந்தாது. அந்த மட்டில் வாத்தியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் இருக்கும் ஊரில் பேரிடர்த் திட்டத்தை வாசித்தபோது முழுக்க மலையாளத்தில் வாசித்தார்கள். என் மாமியாருக்கு ஒரு வரி புரியவில்லை. ஓடையோரத்தில் குடியிருப்பவர் அவர்தான். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுத்துத் தொடர்பு வைக்கலாம் என்று 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே சொல்கிறது. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பாலக்காட்டு வாத்தியார்:
அம்மா, மொழிப் பிரச்சினையைத் தனி இழையில் பேசலாம். இங்கே பேச்சு நிர்வாக எல்லை பற்றியது.

லயத்து மகன்:
தனி இழை எதற்கு? அக்கா சொன்னதுதான் விஷயத்தின் வேர். பஞ்சாயத்தை நம்பிக் கெட்டோம் என்கிறீர்கள். பஞ்சாயத்திடம் என்ன அதிகாரம் இருந்தது? 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். மக்கள் தேர்ந்தெடுத்தவர் இணைத் தலைவர்தான். தேசிய நெடுஞ்சாலைக்காகக் கேப் ரோட்டில் மலையை வெட்டினார்களே, அது சரிந்து கீழே இருந்த விவசாய நிலத்தை மூடியதே, அதை வெட்டச் சொன்னது எந்த வார்டு உறுப்பினர்? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயம் எந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்று என் தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை, என் அப்பாவிடமும் கேட்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றி 2011இல் காட்கில் குழு சொன்னதே கிராம சபையைக் கேளுங்கள் என்பதுதான். கேட்காமலே 2013இல் அதே மலை பற்றிய கஸ்தூரிரங்கன் குழு அறிக்கையை எடுத்து வந்தார்கள், இடுக்கி முழுக்கக் கடை அடைப்பு நடந்தது.

பெட்டிமுடி இரவைச் சொல்கிறேன். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. உயிர் தப்பியவர்கள் இருட்டில் நடந்து போய்ச் சொன்ன பிறகுதான் வெளியே தெரிந்தது. 2018 வெள்ளத்தில் உடைந்த பெரியவரைப் பாலத்துக்குப் பதிலாகப் போட்ட தற்காலிகப் பாலமும் போயிருந்ததால் ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது. 66 உடல்கள் கிடைத்தன, 4 பேர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். லயத்துக்கு ஒரு மழைமானியும், கங்காணி வீட்டில் ஒரு வயர்லெஸ் கருவியும், தமிழில் ஓர் எச்சரிக்கையும் இருந்திருந்தால் எத்தனை பேர் மேட்டுக்கு ஏறியிருப்பார்கள்! கவுன்சில் எல்லைக்கோட்டை எங்கே வரைந்தாலும் அந்த மூன்றும் இல்லாமல் என்ன பயன்?

பாலக்காட்டு வாத்தியார்:
உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் மழைமானியை வைப்பது யார், படிப்பது யார், மேல் ஓடையில் பெய்ததைக் கீழ் ஓடைக்குச் சொல்வது யார்? அதற்கு முழு ஆற்றையும் பார்க்கும் ஓர் அமைப்பு வேண்டும். நியூசிலாந்தில் 16 இடத்திலும் அது இருக்கிறது.

கம்பத்து விவசாயி:
முழு ஆறு என்றால் தேனி மாவட்டமும் சேர்ந்ததுதானே? இதற்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை.

லயத்து மகன்:
மறுபடியும் 16. கேப்ரியலில் ஹாக்ஸ் பே பகுதியிலும் வெள்ளக் கரை உடைந்தது. அங்கே இருப்பது தனிப் பிராந்திய கவுன்சில், உங்கள் ஒழுங்கான 11இல் ஒன்று. அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டு வாத்தியார்:
நான் 16 பிராந்தியம் என்றுதான் எழுதினேன்.

லயத்து மகன்:
நீங்கள் எழுதியது “16 பிராந்திய கவுன்சில்கள்”. என் முதல் பதிவில் எழுத்து மாறாமல் இருக்கிறது, ஏறிப் போய்ப் படியுங்கள்.