அம்மாவோடு ஆக்லாந்துக்கு: டிக்கெட் எடுக்கும் முன் படியுங்கள்

தங்கை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்காகப் போன வருஷம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 67 வயது, மூட்டு வலி, அதற்குமுன் விமானம் ஏறியதே இல்லை.

டிக்கெட் தேடும்போது நான் பார்த்தது விலையை மட்டும்தான். மெல்போர்ன் வழியாக இரண்டு தனித்தனி டிக்கெட், நல்ல மலிவு. பணம் கட்டப்போன நேரத்தில் தங்கை தடுத்தாள். தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் போடவேண்டி வரும். அதோடு இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் ஆஸ்திரேலியாவில் விமானம் மாறவே டிரான்சிட் விசா வாங்க வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் விண்ணப்பித்தே ஆகணும். அதனால் சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட்டாக எடுத்தேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து ஆக்லாந்து சுமார் பத்து மணி நேரம். நடுவில் ஐந்து மணி நேர இடைவெளி. வயதானவர்களோடு போகிறவர்கள் ஒரு மணி நேர இடைவெளியை நம்பவே வேண்டாம்.

டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தேன், தயாராக நின்றது. நான் கோட்டைவிட்டது சீட்டில். ஜன்னலோரம் கிடைத்தால் அம்மா மகிழ்வாள் என்று அதைப் போட்டேன். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டு, பாத்ரூம் போகாமல் இருக்கணுமென்று அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. இறங்கும்போது கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. அதைப் பார்த்தபோது மனசு ரொம்ப வலித்தது. திரும்பும்போது நடைபாதை ஓர சீட்டுதான்.

அடுத்தது சாப்பாட்டுச் சாமான். நியூசிலாந்துக்குள் நுழைய நிரப்பிக் கொடுக்கும் பயணிகள் அறிக்கையில் சுக்கு, பருப்புப் பொடி, பிரசவ லேகியம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தார். லேகியத்தில் தேன் சேர்த்திருந்ததால் அதை மட்டும் எடுத்துக்கொண்டார். தேன் அந்த நாட்டுக்குள் போகக் கூடாது. ஊரில் அத்தை இரண்டு நாள் அடுப்படியில் நின்று கிண்டியது. சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடலாம்.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எங்க அப்பா இன்சுலின் போடுகிறவர், நாங்களும் ஆக்லாந்துதான் போனோம். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் அது வீண். பெட்டி தாமதமானால் ஊசிக்கு வழியில்லை. மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு, மருந்தை அது வந்த அட்டையோடு, மூன்று மாத அளவுக்கு மேல் போகாமல் கொண்டுபோனோம். எங்களுக்குக் குழப்பம் வந்தது நேரத்தில்தான். அங்கே நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால், அந்த ஊர்க் கோடையில் ஏழரை. எந்த நேரத்து ஊசியை எப்போது போடுவதென்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்காமல் விட்டோம். நடுவானில் அப்பாவும் நானும் கணக்குப் போட்டுத் தவித்தது இன்னும் நினைவிருக்கிறது.

*

தம்பி, அந்த நேரக் கணக்கை எழுதி வாங்குவது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை உண்டு. பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடி போகிறோம், இந்தத் தடவை டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன்.